ஒரே ஆள், மூன்று அட்டவணைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையிலும் புறநகரிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் சொன்ன தேதியில் ஒப்படைக்கப்படாதது குறித்த செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வெளிவருகின்றன. மழை, மணல் தட்டுப்பாடு, வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவது என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால், கட்டுமானத் திட்டமிடல் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், கணினியில் அட்டவணை போடும் நாளிலேயே தொடங்கிவிடும் ஒரு தாமதத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

பெரும்பாக்கம், அம்பத்தூர், பூந்தமல்லி ஆகிய மூன்று இடங்களில் ஒரே சமயத்தில் கட்டடம் எழுப்பும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கொத்தனார்களும் கம்பி கட்டுபவர்களும் சென்ட்ரிங் ஆட்களும் இடத்துக்கு இடம் தனியாக இருப்பார்கள். சர்வேயர், மின்பணிப் பொறியாளர், தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் போன்றோர் பெரும்பாலும் மூன்று இடங்களுக்கும் பொதுவானவர்கள். ஆனால் மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் என்ற திட்டமிடல் மென்பொருளில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனிக் கோப்பு திறக்கப்படுகிறது. ஒவ்வொரு கோப்பிலும் அந்தச் சர்வேயர் நூறு சதவீதம் அங்கேயே இருப்பதாகப் பதிவாகிறது. ஒருவர் தலையில் அளவுக்கு மீறி வேலை ஏற்றினால் மென்பொருள் சிவப்புக் குறி காட்டும் என்பது உண்மைதான். எனினும் கோப்புகள் இணைக்கப்படாத வரை, தன் முன்னால் உள்ள கோப்பை மட்டுமே அது அறியும். ஆகவே, ஒரே வியாழக்கிழமை காலையில் மூன்று இடங்களிலும் தூண்கள் எழும்ப வேண்டிய இடத்தை அளந்து குறிக்க அவர் நிற்க வேண்டும் என்று மூன்று அட்டவணைகள் சொன்னாலும், எதிலும் ஒரு சிவப்புப் புள்ளிகூடத் தெரியாது.

ஊழியர் பட்டியலை ஒரு பொதுக் கோப்பில் வைத்து, எல்லாத் திட்டங்களையும் அதனுடன் இணைக்கும் வசதி இந்த மென்பொருளில் பல ஆண்டுகளாகவே இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் அலுவலகங்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். தன் ஆளைப் பிறர் பார்க்கும்படி வைத்தால் பறித்துக்கொள்வார்களோ என்று ஒவ்வொரு திட்ட மேலாளரும் அஞ்சுவதே இதற்கு முதல் காரணம் என்பது என் கணிப்பு.

இந்த மென்பொருள்களின் அடிப்படையான ‘கிரிட்டிக்கல் பாத்’ கணக்கு 1957-ல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் தொடங்கிய பணிகளில் உருவானது. எந்த வேலை முடிந்த பிறகு எந்த வேலை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் என்பதை மட்டுமே அது கேட்கும். வேலையைச் செய்ய ஆள் இருக்கிறாரா என்று கேட்காது. அதை நாம்தான் தனியாகச் சேர்க்க வேண்டும். நாற்பது மணி நேர வேலையை ஒருவர் முழு நேரமாகச் செய்தால் ஐந்து நாள், பாதி நேரமாகச் செய்தால் பத்து நாள் என்று மென்பொருள் வகுத்துக் காட்டும். பெரும்பாக்கத்தில் காலை வேலையை முடித்துவிட்டு நெரிசலில் அம்பத்தூர் போய்ச் சேரும் சர்வேயருக்கு அங்கே பாதி நாள் மிஞ்சாது என்பதை அந்த வகுத்தல் கணக்கு அறியாது. ஒரு நாளுக்குள் ஆளைப் பிரிப்பதைவிட, திங்களும் செவ்வாயும் ஓரிடம், புதனும் வியாழனும் மற்றோரிடம் என்று முழு நாட்களாக ஒதுக்குவதே நம் நகரத்துக்குப் பொருந்தும்.

நாட்காட்டியின் நிலையும் இதுதான். நாம் மாற்றாதவரை, திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு எட்டு மணி நேரம் என்ற அலுவலக நாட்காட்டியையே மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. நம் சைட்டுகளில் சனிக்கிழமையும் வேலை நடக்கும். ஆனால் பொங்கலுக்கு ஊருக்குச் சென்றவர்கள் அந்த வாரமே திரும்புவதில்லை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடித்தளம் தோண்டும் வேலையை வழக்கமான வேகத்தில் போட்டுவைத்த அட்டவணைகளும் உண்டு.

ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் பல வேலைகள் விழுந்திருப்பது தெரிந்த பிறகு, வேலைகளைத் தானாகத் தள்ளிவைத்துச் சரிசெய்யும் லெவலிங் பொத்தானை அழுத்திவிட்டால் போதும் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் பூஜ்யம் முதல் ஆயிரம் வரை முன்னுரிமை எண் தரலாம். தராவிட்டால் எல்லாவற்றுக்கும் ஐந்நூறுதான். எல்லாம் சமம் என்றால் எதைக் காக்கவைப்பது என்பதை மென்பொருள் தன் விதிகளின்படி முடிவு செய்யும். அம்பத்தூரில் வீடு வாங்கியவருக்குத் தந்த வாக்கு அந்த விதிகளில் இல்லை. எந்தக் கட்டடம் காத்திருக்க வேண்டும் என்பது நிர்வாகம் வாய்திறந்து சொல்ல வேண்டிய முடிவு.

ஆளைக் கூட்டினால் நாள் குறையும் என்ற எண்ணத்துக்கும் மென்பொருள் துணை போகிறது. உழைப்பு சார்ந்த வேலை என்று குறித்த ஒன்றில் இரண்டாவது ஆளைச் சேர்த்தால் பத்து நாள் ஐந்தாகிவிடும். சுவர் பூச்சுக்கு இது ஓரளவு சரி. ஆனால் சாதாரண போர்ட்லண்ட் சிமென்டில் போட்ட கான்கிரீட்டைக் குறைந்தது ஏழு நாட்களும், கலப்பு சிமென்ட் என்றால் பத்து நாட்களும் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது கான்கிரீட் பணிக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456. தண்ணீர் ஊற்ற எத்தனை பேரை நிறுத்தினாலும் அந்த நாட்கள் குறையா. அத்தகைய வேலைகளுக்குக் கால அளவு மாறாதது என்று குறிக்க வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, திட்டத்தைப் பதிவு செய்யும்போதே முடியும் காலத்தைக் கட்டுநர் அறிவிக்க வேண்டும். அந்தத் தேதியைக் கணக்கிட்ட அட்டவணையில் பொதுவான பொறியாளர்கள் வேறு எந்தெந்தக் கட்டடங்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள் என்று முன்பணம் கட்டுமுன் வாங்குவோர் கேட்க வேண்டும். கட்டுநர்களும் அந்தப் பொது ஒதுக்கீட்டு அட்டவணையை ஒவ்வொரு சைட் அலுவலகத்திலும் வாரந்தோறும் ஒட்டிவைத்தால், வியாழக்கிழமை சர்வேயர் வருவாரா என்பதை மேஸ்திரி திங்கட்கிழமையே அறிந்து, தன் ஆட்களை வேறு வேலைக்கு மாற்றிக்கொள்வார்.

இப்படிக்கு,
திட்டமிடல் பொறியாளர் ஒருவர்,
குரோம்பேட்டை, சென்னை.