குலுக்கலில் இடம் கிடைத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். என் மகளோடு வார இறுதித் தமிழ் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுவனுக்குச் சென்ற வசந்தத்தில் குலுக்கலில் மேக்னட் பள்ளியில் இடம் கிடைத்தது. மேக்னட் பள்ளி என்பது, தனிப் பாடத்திட்டம் ஒன்றை மையமாக வைத்து, வீட்டு முகவரி பார்க்காமல் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசுப் பள்ளி. தமிழ் நோட்டின் அட்டையில் அந்தப் பள்ளியின் பெயரைப் பெரிதாக எழுதிவைத்திருந்தான். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தேன். பெயரின் மேல் ஒரு டைனோசர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அவர்கள் வீடு பள்ளி மாவட்டத்தின் மறுகோடியில். அங்கிருந்து அந்தப் பள்ளிக்குப் பஸ் கிடையாது. அம்மா ஒருவர்தான், விடியும் முன்பே வேலைக்குப் போகிறவர். கிடைத்த இடத்தை அவரே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

என் மகள் அதே பள்ளியில்தான் படிக்கிறாள். எங்களிடம் கார் இருக்கிறது. அவளுக்கு இடம் கிடைத்ததும் நம் வேலை முடிந்தது என்று நான் ஒதுங்கிவிட்டேன். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் ஒதுங்கினோம். அது தவறு என்று சொல்லத்தான் இந்த மடல்.

வீட்டு முகவரி எந்தப் பள்ளியைக் காட்டுகிறதோ அங்கேதான் சேர வேண்டும் என்ற விதி தானாகத் தளரவில்லை. மினசோட்டாவில் 1980களின் இறுதியில் மாவட்ட எல்லை தாண்டிச் சேரும் உரிமை வந்தது. 1991-இல் அங்கேதான், அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தோடு நடக்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கான நாட்டின் முதல் சட்டமும் வந்தது. ஆனால் சட்டம் மட்டும் போதாது. 2002-இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிக் கல்விச் சட்டம், தொடர்ந்து பின்தங்கும் பள்ளிகளின் பிள்ளைகள் வேறு அரசுப் பள்ளிக்கு மாறலாம் என்றது. தொடக்க ஆண்டுகளில் அப்படி மாறியவர்கள், தகுதி பெற்றவர்களில் ஏறத்தாழ 1 சதவீதம்தான். மாறலாம் என்று சொல்லும் கடிதமே பள்ளி திறந்த பிறகு கைக்கு வந்தால் எந்தத் தாய் பிள்ளையை இடம் மாற்றுவாள்? மாறும் வாய்ப்பை மாவட்டம் தந்தே ஆக வேண்டும் என்ற அந்தக் கட்டாயத்தையும் 2015-இல் வந்த சட்டம் எடுத்துவிட்டது. இன்று பஸ் விடுவதா, அறிவிப்பை எந்த மொழிகளில் அனுப்புவது என்பதெல்லாம் பெருமளவு உங்கள் மாநிலமும் உங்கள் பள்ளி வாரியமும் முடிவுசெய்பவை.

விசாவில் இருக்கிறோம், நமக்கேன் வம்பு என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரியும். பல வருடம் நானும் அதோடுதான் இருந்தேன். பெரும்பாலும் வாக்களிக்கத்தான் குடியுரிமை வேண்டும். வாரியக் கூட்டத்தில் பேச எங்கள் மாவட்டத்தில் பெயரும் முகவரியும் கொடுத்தால் போதும்.

பேசக் கிடைப்பது மூன்று நிமிடம். மேசையில் ஒரு சிறு விளக்கு பச்சையாக எரியும், மஞ்சளாகும், சிவப்பாகும். முதல் முறை வணக்கமும் நன்றியும் சொல்வதற்குள் மஞ்சள் வந்துவிட்டது. அடுத்த முறை முதல் வாக்கியத்திலேயே பஸ்ஸைப் பற்றிக் கேட்டேன். ஆளை விட்டுவிட்டுப் பள்ளியைப் பற்றி மட்டும் பேசினால் அவர்கள் காகிதத்தைப் புரட்டுகிறார்கள். அந்தச் சிறுவனின் நோட்டைப் பற்றிச் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தார்கள்.

பிள்ளைகள் இடம் மாறினால் அக்கம்பக்கத்துப் பள்ளி மெலிந்துபோகும் என்ற வாதத்தையும் அங்கே கேட்டேன். அதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பள்ளிக்கும் நல்ல ஆசிரியர்களைக் கேட்போம். அதற்காக, கார் உள்ள வீட்டுக்கு மட்டும் தேர்வுரிமை என்பதை ஏற்க முடியாது.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது வாரிய உறுப்பினர் ஒருவர் என்னை நிறுத்தி, "இப்படி எத்தனை குடும்பங்கள்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பஸ் இல்லாமல் இடத்தை விட்டவர்களை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அவர்களிடம் பேசுங்கள், ஒப்புக்கொண்டால், வீட்டுக்கும் பள்ளிக்கும் எத்தனை மைல் என்பதை எழுதி உங்கள் வாரியத்துக்கு அனுப்புங்கள். முடிந்தால் அவர்களையும் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். மாலை வேலை இருப்பவரின் பிள்ளையை அந்த நேரம் நீங்கள் பார்த்துக்கொண்டாலும் போதும்.

அடுத்த கூட்டத்துக்கு நான் பெயர் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
இடம் கிடைத்த ஒரு பிள்ளையின் தாய்