இரைச்சல் மட்டும் கேட்கும் ரேடியோ: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வா,

பழைய சிற்றலை (ஷார்ட்வேவ்) ரேடியோ ஒன்றை வாங்கிவிட்டு, "வெறும் இரைச்சல்தான் வருது மாமா, செட்டு போயிடுச்சா?" என்று கேட்டிருந்தாய். செட்டைத் திட்டுவதற்கு முன் அதை பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டிலுள்ள எல்.இ.டி. விளக்குகள், போன் சார்ஜர்கள், மோடம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார். அந்தக் 'கொர்ர்' குறைந்துகொண்டே வருவது காதுக்கே தெரியும். சார்ஜருக்குள் மின்சாரம் விநாடிக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டு ஓடுகிறது. அந்தத் துடிப்பு வயரில் ஏறிச் சிற்றலை வரை சிதறுகிறது. சிற்றலையை இணையம் கொன்றது என்பார்கள். பாதிக் கொலை இந்தச் சார்ஜர்கள் செய்தது என்பேன் நான்.

மீதி, காசு விவகாரம். 250 கிலோவாட் டிரான்ஸ்மிட்டருக்குக் கரண்ட் பில் கட்டிவிட்டு, யார் கேட்கிறார்கள் என்றே தெரியாமல் ஒலிபரப்ப எந்த நிர்வாகத்துக்கு மனசு வரும்? 2012இல் கனடாவும் நெதர்லாந்தும் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்தின. 2017 ஜனவரியில் ரேடியோ ஆஸ்திரேலியா, ஏப்ரலில் பிபிசி தமிழோசை. நிகழ்ச்சிகள் செயற்கைக்கோளுக்கும் எஃப்.எம்.முக்கும் மொபைல் ஆப்புக்கும் போயின. ஒலி சுத்தம், நேரம் நம் வசதி. அதில் எனக்குக் குறையில்லை. டிஜிட்டல் சிற்றலை என்று டி.ஆர்.எம். என்ற முறை வந்தது, எடுபடவில்லை. (அதற்கான ரேடியோ கடையில் கிடைத்தால்தானே!)

ஆனால் யார் கேட்கிறார்கள் என்று தெரியாததுதான் கேட்பவனுக்குப் பாதுகாப்பு. ஆப்பில் கேட்டால் எங்கோ ஒரு சர்வரில் பதிவாகும். இணையத்தையே ஓர் உத்தரவில் முடக்கிவிடலாம். ஆனால் உயரே உள்ள அயனி மண்டலத்தில் (மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு) பட்டுத் திரும்பும் சிற்றலையைக் குறுக்கே இரைச்சல் விட்டுக் கெடுக்கலாம், அவ்வளவுதான். அதுவும் எல்லா இடத்திலும் முடியாது. 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கியதும், பிபிசி 15735, 5875 கிலோஹெர்ட்ஸில் தினம் நான்கு மணி நேரம் செய்தியை அங்கே அனுப்பியது சும்மா இல்லை.

சரி, உன் செட்டுக்கு வருவோம். ஆன்டெனா நுனியில் நாலைந்து மீட்டர் வயரை கிளிப் போட்டு ஜன்னலுக்கு வெளியே விடு. பகலில் 16, 19 மீட்டர் பட்டைகளில் (அலைநீளத்தை வைத்து வந்த பெயர்) தேடு. இருட்டிய பிறகு 41, 49. முதலில் சாயங்காலம் 31 மீட்டரில், 9400இலிருந்து 9900 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாகத் திருப்பு. ஏதாவது மாட்டினால் அலைவரிசையையும் யு.டி.சி. (உலகப் பொது) நேரத்தையும் குறித்துவை. கேட்டதைப் பற்றி ரிப்போர்ட் எழுதினால், அதை உறுதிசெய்து கியூ.எஸ்.எல். அட்டை அனுப்பும் நிலையங்கள் இன்னும் உண்டு. அப்புறம், இடி மின்னல் என்றால் அந்த வயரை உடனே கழற்றிவிடு.

அன்புடன்,
மாமா