எண்ணெய்க் கிணற்றுத் தளத்தைச் சீரமைக்காததும் வடிகாலை அடைத்ததும் குறித்துப் புகார்

அனுப்புநர்:
கிணற்றுத் தளத்துக்கு நிலம் குத்தகைக்கு விட்ட பட்டாதாரர்கள்,
திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
தங்கள் நிறுவனத்தின் நிலப் பிரிவு.

ஐயா,

பூமிக்கு அடியில் இருக்கும் எண்ணெயும் எரிவாயுவும் எங்கள் பட்டாவில் சேராது. 1948-ஆம் ஆண்டு எண்ணெய் வயல்கள் சட்டத்தின்கீழ் அதை எடுக்கும் குத்தகை தங்களிடம் இருக்கிறது. அதில் பங்கு கேட்டு இதை எழுதவில்லை. மேல்மண்ணும் தண்ணீர் வடியும் வழியும் எங்களுடையவை. எண்ணெய் எடுக்கும் உரிமையை வைத்து அவற்றைக் கெடுக்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லை.

முதலில் வடிகால். தளத்துக்குப் போகும் சாலை வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் 600 மி.மீ. விட்டமுள்ள ஒற்றை ஹியூம் பைப் (சிமெண்ட் கான்கிரீட் குழாய்) போட்டிருக்கிறீர்கள். வாய்க்காலின் அடி அகலம் ஒன்றரை மீட்டர், மழைக்காலத்தில் ஒரு மீட்டர் உயரம் தண்ணீர் ஓடும். பைப்பின் வாய் 0.28 சதுர மீட்டர்தான். ஓட வேண்டிய பரப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. போதாக்குறைக்கு வாய்க்கால் தரையைவிட அரை அடி உயர்த்திப் பதித்திருப்பதால் வண்டல் முன்னாலேயே படிகிறது. அதில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் வந்து சிக்கிக்கொள்கின்றன. ஐப்பசி மழையில் சம்பா இளம்பயிர் தலை மூழ்கி ஒரு வாரம் நின்றால் அழுகிவிடும். அங்கே வாய்க்காலின் முழு அகலத்துக்கும் தரைமட்டத்திலேயே பாக்ஸ் கல்வெர்ட் (பெட்டி வடிவக் கான்கிரீட் சிறுபாலம்) கட்ட வேண்டும். இன்னொரு பைப்பைப் பக்கத்தில் செருகுவதை ஏற்க மாட்டோம்.

அடுத்தது தளம். கிணற்றில் உற்பத்தி நின்றுவிட்டது, கிராவல் மட்டும் அப்படியே கிடக்கிறது. மேல்மண்ணை வழித்துத் தனியே குவித்துவிட்டு, ஜியோடெக்ஸ்டைல் என்னும் செயற்கை இழை விரிப்புப் போட்டு அதன்மேல் கிராவல் கொட்டியிருந்தால், இன்று சுரண்டி எடுப்பது எளிது. ஈரக் களிமண்ணில் நேராகக் கொட்டி ரோலர் ஓட்டியதால் சரளைக் கல் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. பொக்லைன் வைத்து மேலாக வழித்தால் போதாது. கல் கலந்த அடுக்கு முழுவதையும் எடுத்து, உளிக்கலப்பையால் ஒன்றரை அடி ஆழம் குறுக்கும் நெடுக்கும் உழுது இறுக்கத்தை உடைத்து, அதன் பிறகே வண்டல் பரப்ப வேண்டும். மண் காய்ந்திருக்கும்போது செய்தால்தான் இறுக்கம் உடையும். சம்பா அறுவடைக்கும், மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கும் இடையில்தான் அந்த அவகாசம்.

கழிவுக் குழிதான் எங்களை அதிகம் கவலைப்பட வைக்கிறது. 2005 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட தரநிலைப்படி, கிணறு துளையிடும்போது வெளிவரும் பாறைத் துகளைத் தண்ணீர் ஊடுருவாத விரிப்புப் போட்ட குழியில்தான் இட வேண்டும். நிரம்பியதும் மேலும் ஒரு விரிப்பால் மூடி, மழைநீர் வடியும் சரிவோடு கனமாக மண் போட வேண்டும். இங்கே கரையோரம் விரிப்பு கிழிந்து தொங்குகிறது. துளையிடப் பயன்படுத்திய, பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பு கலந்த சேறு கசிந்தால் உப்பு வயலுக்கு வரும். மண்ணில் உள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். அதற்குமேல் கூடும் ஒவ்வோர் அலகுக்கும் ஏறக்குறைய 12 சதவீதம் போகும். குழியைச் சுற்றி நான்கு பக்கமும், ஒப்பிட தூரத்து வயல் ஒன்றிலும் எங்கள் முன்னிலையில் மண் எடுத்துச் சோதித்து அறிக்கை தாருங்கள்.

எங்கள் வயல்களில் பதித்த எரிவாயுக் குழாய்ப் பாதைக்கு 1962-ஆம் ஆண்டுப் பெட்ரோலிய, கனிமக் குழாய்ப் பாதைச் சட்டப்படி நில மதிப்பில் 10 சதவீதம் கொடுத்ததோடு கணக்கு தீர்ந்தது என்கிறார்கள் தங்கள் அலுவலர்கள். அது தவறு. அந்தத் தொகை, குழாய்க்கு மேல் கிணறு வெட்டவும் மரம் வைக்கவும் கட்டடம் கட்டவும் முடியாமல் போனதற்கு. பராமரிப்புக்காக வயலில் இறங்கும்போது அழியும் பயிருக்கு 10-ஆம் பிரிவில் தனியாக இழப்பீடு உண்டு. குழாய் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குறையக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். வரப்போரம் மண் அரித்துக் குழாய் மேலெழுந்து நிற்கிறது. ஈர வாயு (தண்ணீர் பிரிக்காத எரிவாயு) ஓடும் குழாய் உள்ளிருந்து துருப்பிடித்தால் என்ன ஆகும் என்பதை 2014 ஜூன் 27 அன்று ஆந்திரத்தின் ‘நகரம்’ என்ற கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்தபோது நாடே பார்த்தது. குழாயின் சுவர்த் தடிமனை அளந்து அந்த விவரத்தையும் தர வேண்டும்.

தமிழக அரசின் 2020-ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய கிணறுகளைத்தான் தடுக்கிறது. ஏற்கெனவே தோண்டியவை எங்கள் வயல்களில்தான் இருக்கின்றன. தளம் பழைய நிலைக்கு வந்து நாங்கள் ஒப்புக் கையெழுத்திடும் வரை குத்தகைத் தொகை தொடர வேண்டும். எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடியும் என்று 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். தவறினால் இழப்பீட்டை நிர்ணயிக்கும் தகுதி அதிகாரியிடம் மனு செய்வோம்.

இப்படிக்கு,
பட்டாதாரர்கள்

நகல்: மாவட்ட ஆட்சியர், நீர்வளத் துறை உதவிப் பொறியாளர்