அவள் சொல்லி முடிக்கட்டும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அண்ணன் வீட்டுக் கல்யாணச் செய்தி சந்தோஷம், மோட்டார் கொட்டகையை நல்லபடியாக முடி. கடைசிப் பக்கத்தில் நாலே வரியில் எழுதியிருந்தாயே, ஏழாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து மகளுக்குத் திக்கல் கூடிவிட்டது, எழுந்து வாசிக்கச் சொன்னால் அழுகிறாள் என்று. இரண்டு நாளாக அதுதான் மனசில் ஓடுகிறது.

முதலில், பாட்டி அவள் நாக்கில் வசம்பு தடவும் விஷயம். அவர்களுடைய தவிப்பு புரிகிறது. உன் அம்மா எனக்கும் தடவிவிட்டவர்கள்தானே! ஆனால் இது நாக்கின் கோளாறு இல்லை. பேச்சை நேரத்துக்கு இயக்கும் மூளையின் வேலையில் உள்ள சின்ன வேறுபாடு. பல குடும்பங்களில் வழிவழியாக வரும். நீ வளர்த்த விதத்தால் வந்ததும் இல்லை. பெரியவர்களில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அதிலும் பெண்கள் குறைவு, நாலு ஆணுக்கு ஒரு பெண் என்பார்கள். தன்னைப் போல் திக்கும் இன்னொரு பெண்ணை உன் மகள் பார்த்தே இருக்க மாட்டாள். அந்தத் தனிமை எனக்குத் தெரியும்.

இனி, உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. வருகைப் பதிவின்போது ‘உள்ளேன் ஐயா’ என் தொண்டையில் நின்றுவிடும்; பக்கத்திலிருந்து நீ குரல் கொடுப்பாய். அந்த அன்பை நான் மறக்கவில்லை. ஆனால் பேசாமலே தப்பிக்கலாம் என்று நான் பழகியது அந்த பெஞ்சில்தான். தஞ்சாவூரில் பஸ் ஏறினால் ‘பாபநாசம்’ என்று கேட்க ‘பா’ வராது. கும்பகோணத்துக்கு டிக்கெட் எடுத்துப் பாபநாசத்தில் இறங்குவேன். காபிக்கு ஆசைப்பட்டு டீ குடித்த நாள்கள் எத்தனையோ. பார்க்கிறவர்களுக்கு நான் திக்கவே இல்லை! தானும் திக்கியவரான ஜோசப் ஷீஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைக் கடலில் மிதக்கும் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். காதில் விழும் திக்கல் மேலே தெரியும் நுனி; பயமும் வெட்கமும் ஒளிவும்தான் அடியில் கிடக்கும் பெரும்பகுதி.

இருபத்தைந்து வயதில் ஒரு பயிற்சிக்குப் போனேன். மூச்சை அளந்து, சொல்லை இழுத்துப் பேச வேண்டும். அறைக்குள் சரளமாக வந்த பேச்சு மளிகைக்கடையில் பழையபடி அடைத்தது. முன்பு திக்கியபோது வெட்கம் மட்டும்தான் இருந்தது. அதற்குப் பிறகு, தோற்றுவிட்டேன் என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது.

அதனால்தான் ஆஸ்டினில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், கோர்ட்னி பேர்ட் என்ற திக்கல் ஆய்வாளரின் குழு செய்வதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. திக்கலைக் குறைப்பது அங்கே இலக்கே இல்லை. கேட்பவரின் முகம் பார்ப்பது, கையசைவு, குரலின் ஏற்ற இறக்கம், சொல்ல வந்ததைக் கோவையாகச் சொல்வது என்று பேச்சுக்கலையையே பழக்குகிறார்கள், திக்கிக்கொண்டே. பயம் தெளிவதற்காக, வேண்டுமென்றே திக்கிப் பார்ப்பதும் உண்டு; அது சார்லஸ் வான் ரைப்பர் போன்ற அந்தக் காலப் பேச்சுப் பயிற்சியாளர்கள் கையாண்ட வழி. இன்னொன்று, முதலிலேயே சொல்லிவிடுவது: ‘எனக்குத் திக்கும், சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரமாகும்.’ இதை மன்னிப்புக் கேட்கிற தொனியில் சொல்லக் கூடாது, தகவலாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்பவர்களை நம்பிக்கை உள்ளவர்களாகக் கேட்பவர்கள் எடைபோடுகிறார்கள் என்று பேர்ட் குழுவினர் தங்கள் ஆய்விலேயே பார்த்திருக்கிறார்கள். நான் போன மாதம் அலுவலகக் கூட்டத்தில் சொன்னேன். அன்றும் திக்கினேன். ஆனால் சொல்ல நினைத்த ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை.

பேச்சுப் பயிற்சியாளரிடம் கட்டாயம் காட்டு. ஆனால் ‘இத்தனை மாதத்தில் திக்கலே இருக்காது’ என்று சொல்பவரிடம் விடாதே. வகுப்பில் கை தூக்கினாளா, கடையில் தானே கேட்டாளா என்று விசாரிப்பவராகப் பார். திக்குபவர்களே சேர்ந்து நடத்தும் ‘தி இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன்’ 2008 முதல் இருக்கிறது; அவர்களோடு நான் பேசிப் பார்க்கிறேன்.

வீட்டில் ‘மெதுவாப் பேசும்மா’, ‘மூச்சு விட்டுட்டுச் சொல்லு’ இரண்டையும் நிறுத்திவிடு. அவள் வாக்கியத்தை நீ முடிக்காதே. உனக்குத்தான் இது கஷ்டமாக இருக்கும், எனக்குத் தெரியும்.

ஞாயிறு காலை போன் செய்கிறேன். அவளையே எடுக்கச் சொல். ‘ஹலோ’ எனக்கு இன்னமும் அடைக்கும். சத்தம் வரவில்லையே என்று வைத்துவிட வேண்டாம், மாமா லைனில்தான் இருப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவை.

உன் பெஞ்சுத் தோழன்