கிழிந்தது ரப்பர், மாற்றச் சொன்னது ஆக்சில்!

ஆசிரியருக்கு வணக்கம். என் பழைய ஆல்டோ காரை போன மாதம் சர்வீசுக்கு விட்டபோது, இடது ஆக்சில் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) பூட், அதாவது அதன் ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறை, கிழிந்துவிட்டது, ஆக்சிலையே மாற்ற வேண்டும் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். சத்தம் எதுவும் இல்லையே என்று கேட்டால் பதில் இல்லை. வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு எங்கள் தெரு மெக்கானிக்கிடம் போனேன். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, டார்ச் அடித்துக் காட்டினார்: மடிப்பு மடிப்பான ரப்பரில் விரல் நீளத்துக்கு வெடிப்பு, ரிம்மின் உள்பக்கமெல்லாம் கருப்பாக கிரீஸ் தெறித்திருந்தது.

அவர் சொன்னது இதுதான். உள்ளே இருக்கும் சிவி ஜாயிண்டுக்கு (சக்கரம் திரும்பினாலும் ஆக்சில் தடையில்லாமல் சுழல உதவும் இணைப்பு) உயிரே அந்த கிரீஸ்தான், அது வெளியேறி மண்ணும் மழைத்தண்ணீரும் உள்ளே போனால் ஜாயிண்டில் உள்ள இரும்புக் குண்டுகள் தேய்ந்து, வளைவில் திரும்பும்போது 'டக் டக்' என்று சத்தம் வரும், அப்போதுதான் ஜாயிண்டையோ ஆக்சிலையோ மாற்ற வேண்டிய நிலை. சத்தம் வருவதற்கு முன்பே பார்த்துவிட்டால் ஆக்சிலைக் கழற்றி, ஜாயிண்டைக் கழுவி, தேய்மானம் இல்லையென்றால் புது கிரீஸ், புது பூட், இரண்டு பக்கமும் புது கிளாம்ப், அவ்வளவுதான். பசை போட்டு ஒட்டினால் ஆகாதா என்று கேட்டேன், சிரித்தார். அரை நாளில் வேலை முடிந்தது, செலவும் அவர்கள் சொன்னதில் கால்வாசிகூட இல்லை.

ஆக்சிலை மாற்றச் சொல்லும் ஒர்க்‌ஷாப்கள் ஜாயிண்டைக் கழற்றிக் காட்டிவிட்டுச் சொல்லட்டும், சார்.

- ஒரு வாசகர், பொள்ளாச்சி