ஏரிக்கரையில் செடி எண்ணப் போகும் கயலுக்கு

கயல்,

மே கடைசியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பிளெயின்ஃபீல்டு ஊர்ப் பக்கத்து ஏரிகளில் லோகோவீட் என்ற அரிய செடியை எண்ணப் போகிறாய் அல்லவா, கிளம்பும்முன் இதைப் படித்துவிடு.

நீ எண்ணப் போகும் ஃபாசெட்ஸ் லோகோவீட் வகை விஸ்கான்சினைத் தவிர வேறெங்கும் இல்லை. 1988இல் அமெரிக்க அரசு அதை அழிவு அச்சுறுத்தலில் உள்ள தாவரமாக அறிவித்தது. பூ நம்மூர்க் கொழுஞ்சியை நினைவூட்டும். ஆனால் தண்டு கிடையாது. வெள்ளிப் பட்டு மயிர் போர்த்திய இலைகள் தரையிலிருந்தே கொத்தாக எழும். பூக்காம்பில் இலை இருக்காது. சந்தேகம் வந்தால் பூவின் பக்க இதழ்களைக் குச்சி நுனியால் விலக்கு. உள்ளே படகு மாதிரி ஒட்டிய இரண்டு இதழ்கள் தெரியும். அதன் முனையில் ஊசி மூக்கு இருந்தால் ஆக்ஸிட்ராபிஸ், அதாவது நம் செடியின் இனம்; மழுங்கியிருந்தால் அதைப் போலவே தெரியும் அஸ்ட்ரகாலஸ் என்ற வேறு இனம்.

பூத்தவை, பூக்காதவை, நாற்று மூன்றையும் தனித்தனியாக எண்ணு. ஒரே அடியிலிருந்து கிளைத்த கொத்து எவ்வளவு பெரிதானாலும் ஒரு செடிதான். இதில்தான் ஆளுக்கு ஆள் கணக்கு மாறும். நாற்று கண்ணில் படாது, காலில்தான் படும். அதனால் தண்ணீர் ஓரமாகவே நட.

ஒன்றுமே இல்லாவிட்டால் "அழிந்துவிட்டது" என்று எழுதிவிடாதே. அந்த ஏரிகளுக்கு ஓடை கிடையாது, நிலத்தடி நீரோடு ஏறி இறங்கும். ஏறும்போது செடி மூழ்கிச் சாகும், கூடவே கரையில் முளைத்த மரக்கன்றுகளும் சாகும். இறங்கியதும் வெறும் மணல் கிடைக்கும், புதைந்திருந்த விதை முளைக்கும். எனவே நீர்மட்டத்தையும் கட்டாயம் குறி. என்னைக் கேட்டால் வெள்ளத்தைவிட மோசமானது நீர் ஏறாமலே போவதுதான். சுற்றிலும் உருளைக்கிழங்கு வயல்கள், அவற்றுக்காக நிலத்தடி நீரை இறைக்கும் ஆழ்கிணறுகள். பல வருஷம் மட்டம் தாழ்ந்தே கிடந்தால் புல்லும் புதரும் கரையை மூடிவிடும்.

பிடுங்கி நட ஆசைப்படாதே. ஆணிவேர் அறுந்தால் பிழைக்காது. அனுமதியோடு விதை தந்தால், தோல் கெட்டி என்பதால் நைஸ் உப்புத்தாளில், விதை காயோடு ஒட்டியிருந்த தழும்புக்கு எதிர்ப்பக்கம் லேசாகத் தேய்த்து, ராத்திரி முழுக்க ஊறவை. உப்பாததை மட்டும் மறுபடி தேய். வெள்ளைப் பருப்பு தெரியும்வரை தேய்த்தால் அழுகிவிடும். மண்ணில் முக்கால்வாசி மணல் இருக்கட்டும்.

ஷூ அடியைக் கரைக்கு வருமுன் பிரஷ்ஷால் தேய். நாப்வீட் என்ற ஆக்கிரமிப்புக் களையின் விதை அப்படித்தான் பரவும். போட்டோ எடுக்கும்போது போனில் லொகேஷனை அணைத்துவிடு, செடி இருக்கும் இடம் வெளியே தெரிய வேண்டாம்.

அம்மா