கணக்கில் தெரியாத நஷ்டம்

அன்பு மக்களே,

போனில் விட்டுவிட்டுக் கேட்டதால் எழுதுகிறேன். உன் டீமில் மூன்று பேர் விலகிவிட்டார்கள், மிச்சம் உள்ளவர்கள் சொன்னதை மட்டும் செய்துவிட்டு எழுந்து போகிறார்கள், ஆனாலும் இந்த வருடம் லாபம் கூடியிருப்பதால் மேலே யாரும் கவலைப்படவில்லை என்றாய். லாபம் கூடியிருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

குலசேகரம் பக்கம் எஸ்டேட்டில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது கண்டதைச் சொல்கிறேன். ரப்பர் பால் அதிகம் ஊறுவது பட்டையின் உள்பக்கம், தடியை ஒட்டி. கத்தி அதுவரை போக வேண்டும், தடியில் படக்கூடாது. இடையில் இருப்பது ஒரு மில்லிமீட்டர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒருவர் 300 மரத்தில் பால் வெட்டுவார். ஒவ்வொரு மரத்துக்கும் பின்னால் எந்த சூப்பர்வைசர் போய் நிற்பான்? அந்த இடைவெளியைக் காப்பது வெட்டுகிறவரின் மனசு மட்டும்தான்.

ஒரு வருடம் விலை இறங்கியது. முதலாளி மழைக்கால அட்வான்ஸை நிறுத்தினார். அவருக்கும் நெருக்கடிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்கப் போன பழைய ஆட்களை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினார். அதற்கப்புறம் யாரும் பார்த்து வெட்டவில்லை. பால் குறைந்ததா? இல்லை, கூடியது. ஆழமாக வெட்டினால் அன்றைக்குப் பால் நிறைய வரும். காயம்பட்ட பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பல வருடம் கழித்து அதே இடத்தில் மறுபடி வெட்ட வந்தபோது கத்தி ஓடவில்லை. நல்ல வெட்டுக்காரர்கள் அதற்குள் கேரளத்துக்குப் போயிருந்தார்கள்.

உன் மேலதிகாரிக்குப் பட்டைக் கதை வேண்டாம், இதைச் சொல். அலெக்ஸ் எட்மன்ஸ் என்ற பேராசிரியர், வேலை பார்க்கச் சிறந்தவை என்று அமெரிக்காவில் பட்டியலிட்ட 100 கம்பெனிகளின் பங்குகளை 1984 முதல் 2009 வரை ஆராய்ந்தார். அதே துறையின் மற்ற பங்குகளைவிட அவற்றில் ஆண்டுக்கு 2.1 சதவீதம் கூடுதல் வருமானம் கிடைத்திருக்கிறது. பட்டியல் வெளியான பிறகும், ஆட்கள் மனநிறைவோடு இருப்பதன் மதிப்பைச் சந்தை உடனே பங்கு விலையில் சேர்க்கவில்லை.

சம்பளம் உன் கையில் இல்லை, சரி. சனிக்கிழமை வேலையை வெள்ளி ராத்திரி சொல்லாமல் இருப்பது உன் கையில்தானே? ராஜினாமா கொடுக்கப்போவதாகச் சொன்னாயே, அந்தப் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்து என்ன குறை என்று கேள். அவன் சொல்வதை எழுதி மீட்டிங்குக்குக் கொண்டு போ. உனக்குக் கொஞ்சம் கெட்டபெயர் வந்தாலும் அவர்களுக்காகப் பேசு மக்களே. என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அப்பா